கிணறு வற்றியிருக்கிறது, அல்வாவுக்குப் போகலாமா?

வாசகர் கேள்வி பதில்

ஊர் ஊராகப் போய்ச் சாப்பிட்டு எழுதுவது என் வேலை. பிறந்தது முதுகுளத்தூர் பக்கம், வாழ்க்கைப்பட்டு வந்தது சென்னை. இந்த மாதம் வந்த கடிதங்களில் பலவற்றில் சாப்பாட்டோடு தண்ணீரும் சேர்ந்தே வந்திருக்கிறது. தண்ணீர் வண்டி தள்ளி வளர்ந்த எனக்கு இரண்டும் ஒரே விஷயம்தான். முதல் கடிதத்துக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்லவேண்டியிருக்கிறது.

கேள்வி (மடிப்பாக்கத்திலிருந்து ஒரு வாசகி): அம்மா, எங்கள் கிணறு மார்ச்சிலேயே வற்றிவிட்டது. போரில் உப்புத் தண்ணீர்தான் வருகிறது. லாரிக்குச் சொன்னால் நான்கு நாள் கழித்து வருகிறது. திருநெல்வேலி அல்வா, கோவில்பட்டி கடலைமிட்டாய், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா என்று பிள்ளைகளுக்கு இரண்டு வருஷமாகச் சொல்லிவைத்திருக்கிறோம். "வீட்டில் தண்ணீருக்கு வழியில்லை, தின்பதற்கு ஊர் சுற்றப் போகிறோமா?" என்கிறார் கணவர். மாமியார் வீட்டில்தான் இருப்பார். நாங்கள் நான்கு பேரும் ஐந்து நாள் போகலாமா?

பதில்: போய்விட்டு வாருங்கள். ஆனால் உங்கள் வீட்டுக்காரர் கேட்டது நல்ல கேள்வி, அதை ஒதுக்கிவிட்டுப் போகாதீர்கள்.

ஒரு ஆளுக்கு நாளைக்கு 75 லிட்டர் என்று சிக்கனமாகக் கணக்குப் போட்டாலும், நான்கு பேர் ஐந்து நாள் வீட்டில் இல்லையென்றால் 1,500 லிட்டர் சம்ப்பில் மிஞ்சும். மாமியாருக்கு அது தாராளம். ஆனால் அந்த 1,500 லிட்டரும் வேறொரு ஊரின் தொட்டியிலிருந்து போகப்போகிறது, அதைத்தான் உங்கள் வீட்டுக்காரர் மனதில் வைத்துக் கேட்டிருக்கிறார் என்று நினைக்கிறேன். மடிப்பாக்கத்தில் ஒரு வாளியில் குளிக்கிற பிள்ளை லாட்ஜிலும் ஒரு வாளியில் குளிக்கட்டும். துண்டைத் தினமும் மாற்றச் சொல்லவேண்டாம். வீட்டிலிருந்தே ஆளுக்கொரு பாட்டில் கொண்டுபோங்கள்.

போகிற வழியை நான் சொல்கிறபடி வைத்துக்கொள்ளுங்கள். முதலில் நேராகத் திருநெல்வேலி, அப்புறம் வடக்கே கோவில்பட்டி, கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூர். பால்கோவா மற்ற இரண்டையும்விடச் சீக்கிரம் கெட்டுப்போகும். அதைக் கடைசியாக வாங்கி, வீட்டுக்கு வந்ததும் முதலில் தீர்த்துவிடுங்கள். கடலைமிட்டாய் காத்திருக்கும்.

திருநெல்வேலியில் அல்வா வாங்குவதற்கு முன் பிள்ளைகளைக் குறுக்குத்துறைக்குக் கூட்டிப்போங்கள். ஆற்றுக்குள்ளேயே முருகன் கோவில் இருக்கிறது. தாமிரபரணியில் கால் நனைத்துவிட்டு வரட்டும். சோப்பு, ஷாம்பு பாக்கெட் ஒன்றும் எடுத்துப்போகவேண்டாம். சம்பா கோதுமையை ஊறவைத்து, அரைத்து, பால் பிழிந்து, தெளியவிட்டு, சர்க்கரையும் நெய்யும் சேர்த்துக் கிண்டுவதுதான் அந்த அல்வா. ருசிக்குக் காரணம் ஆற்றுத் தண்ணீர் என்று நெல்லைக்காரர்கள் சொல்வார்கள். நான் அதை நம்புகிறேன். அதே கோதுமை, அதே பக்குவம் என்று லாரித் தண்ணீரில் இரண்டு தடவை செய்து பார்த்தேன், வரவில்லை. மாலையில் சூடாக ஒரு இலைத் துண்டில் வாங்கி, கடை வாசலிலேயே நின்று சாப்பிடுங்கள். டப்பாவில் வாங்குவது ஊருக்குக் கொண்டுவரத்தான்.

கோவில்பட்டி கரிசல் பூமி, வானம் பார்த்த நிலம். அங்கே தாமிரபரணி ஓடவில்லை, குழாயில்தான் வருகிறது. 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய அந்தக் கடலைமிட்டாயில் கரிசலில் விளைந்த நிலக்கடலை, தேனிப் பக்கத்து வெல்லம், குழாயில் வந்த அந்த ஆற்றுத் தண்ணீர் மூன்றும் சேர்கின்றன. ஒரு வருஷம் மழை பொய்த்தால் கடலை விளைச்சலும் போய்விடும். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவிட்டு வாங்கிக்கொடுங்கள், கடித்துச் சாப்பிடுகிறபோது யோசிப்பார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில், அடுப்பு தெரிகிற மாதிரி ஒரு கடை கிடைத்தால் கேட்டுக்கொண்டு பத்து நிமிஷம் நில்லுங்கள். பாலும் சர்க்கரையும்தான் சேர்மானம். பாலிலிருந்து தண்ணீரை ஆவியாக விரட்டுவதுதான் வேலை முழுக்க. முதலில் பால் தளதளவென்று கொதிக்கும்போது கரண்டி போவது கேட்காது. சுண்டச் சுண்டச் சட்டியின் அடியில் கரண்டி உரசுகிற சத்தம் எழும். அது 'சர்ர்' என்று கனத்து வருகிற நேரம் கிண்டுகிறவர் முகம் மாறும், பேச்சை நிறுத்திவிடுவார். அப்போது நீங்களும் கேள்வி கேட்காதீர்கள், ஒரு நிமிஷம் தவறினால் அடிப்பிடித்துவிடும்.

இனி வீட்டு விஷயம். நீங்கள் இல்லாத ஐந்து நாளில் லாரி வருகிற மாதிரி சொல்லிவைக்காதீர்கள். வயதான மாமியார் குழாயைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கக்கூடாது. கிளம்புவதற்கு முந்தின நாளே வந்து இறங்கிவிடட்டும். குடிதண்ணீர் கேனை அவர் தூக்கவேண்டாம், சின்னக் குடங்களில் ஊற்றி மேடை மேல் வைத்துவிடுங்கள். இரவு படுக்கப் போகும் முன் ஒவ்வொரு ஃப்ளஷ் டேங்கிலும் ஒரு சிட்டிகை கேசரி பவுடரைப் போட்டுப் பாருங்கள். யாரும் ஃப்ளஷ் செய்யாமலே கால் மணி நேரத்தில் கீழே பேசினில் நிறம் இறங்கினால் டேங்க் ஒழுகுகிறது என்று அர்த்தம். மாமியார் உபயோகிக்காத கழிப்பறையின் குழாயை அடைத்துவிட்டே போங்கள்.

இதை அனுபவித்துத்தான் கற்றுக்கொண்டேன். ஒரு கோடையில் மூன்று நாள் காரைக்குடி போய்விட்டுத் திரும்பினேன். கிளம்பின அன்று காலையில் நிரப்பிவைத்த மாடித் தொட்டி சுத்தமாகக் காலி. ஃப்ளஷ் டேங்கில் ஐந்து ரூபாய் வட்டத்துக்கு ஒரு ரப்பர் வாஷர் தேய்ந்து, சத்தமே இல்லாமல் மூன்று நாளும் ஓடியிருக்கிறது. வரிசையில் காத்திருந்து வாங்கின தண்ணீர் அது. பையைக்கூட இறக்காமல் படியில் உட்கார்ந்து அழுதேன்.

கேள்வி (தாம்பரத்திலிருந்து ஒரு வாசகி): போர் ஆழம் போகப்போகத் தண்ணீர் கடுத்துவிட்டது. துவரம்பருப்பு எட்டு விசில் விட்டாலும் முழுசாகவே நிற்கிறது. கும்பகோணத்தில் குடித்த காபி மாதிரி வீட்டில் வரவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

பதில்: பருப்பைக் குறை சொல்லாதீர்கள், கடையை மாற்றியும் பிரயோஜனம் இல்லை. தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் அதிகமானால் அவை பருப்பில் இருக்கிற பெக்டின் என்ற பசைப்பொருளைப் பிடித்து இறுக்கிவிடும். அப்புறம் எத்தனை விசில் விட்டாலும் அது குழையாது. கேன் தண்ணீரில் பருப்புக்கென்று மூன்று டம்ளர் ஒதுக்குங்கள். ஊறவைப்பதும் அதிலேயே, வேகவைப்பதும் அதே தண்ணீரிலேயே. ஊறவைத்ததைக் கொட்டிவிட்டுப் போர்த் தண்ணீரை ஊற்றினால் பாதி வேலை வீண். பருப்பு மசிகிறவரை புளி சேர்க்காதீர்கள். சோடா உப்பு ஒரு சிட்டிகை போட்டால் உடனே குழையும் என்பது உண்மைதான், ஆனால் பருப்பில் இருக்கிற பி1 வைட்டமின் அழிந்துபோகும். பிள்ளைகள் சாப்பிடுகிற வீட்டில் நான் அதைச் சொல்லமாட்டேன்.

கொதிக்கவைத்து ஆறவிட்டால் அடியில் வெள்ளையாகப் படியும், கடினம் ஓரளவு குறையும். உப்புக் கரிப்பு போகாது. காபிக்கும் கேன் தண்ணீர்தான். ஃபில்டருக்கு ஒரு டம்ளர் தானே, அதில் சிக்கனம் பார்க்காதீர்கள். கும்பகோணம் காபியில் பாதி பெருமை தண்ணீர் கலக்காத பாலுக்கு உரியது, அதையும் கவனியுங்கள்.

ஆர்ஓ மெஷின் வைத்திருந்தால், அது கழித்துவிடுகிற தண்ணீர் குடிக்க வருவதைவிட அதிகமாகவே இருக்கும். அதன் குழாயை ஒரு வாளியில் விட்டுவையுங்கள். தரை துடைக்க, கழிப்பறைக்கு ஊற்ற ஆகும். செடிக்கு ஊற்றாதீர்கள், உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கும்.

கேள்வி (திருப்பூரிலிருந்து ஓர் இளைஞர்): அம்மா, நண்பர்கள் நான்கு பேர் பைக்கில் காரைக்குடி, ராமநாதபுரம், அப்படியே கடற்கரைச் சாலையில் தெற்கே போகலாம் என்று இருக்கிறோம். எல்லாம் சாப்பாட்டுக்காகத்தான். இந்த வெயிலில் வறண்ட ஊருக்குப் போய் அவர்களுக்குத் தொந்தரவு கொடுக்கிறோமோ என்று ஒருவன் கேட்கிறான்.

பதில்: அப்படிக் கேட்கிற நண்பன் கூட வருகிறானே, அதுவே போதும் தம்பி. தைரியமாகப் போங்கள்.

வறண்ட பூமியின் சமையல் தண்ணீர் இல்லாததாலேயே அமைந்தது. காரைக்குடியில் கோழிக் குழம்பைத் தேடி எல்லாரும் போகிறார்கள். நீங்கள் உப்புக்கண்டம் கிடைக்குமா என்று கேளுங்கள். ஆட்டுக்கறியை உப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றில் கோத்து வெயிலில் உலர்த்தி வைப்பது. கொத்தவரங்காய் வத்தல், சுண்டை வத்தல், மா வத்தல் எல்லாம் அந்த வெயிலை வீணாக்காமல் பிடித்துவைத்ததுதான். கானாடுகாத்தான் பக்கம் ஏதாவது வீட்டை உள்ளே விட்டுக் காட்டினால் சாப்பாட்டு அறையை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள், வளவில், அதாவது நடு முற்றத்தில், நின்று மேலே பாருங்கள். நான்கு பக்கத்து ஓட்டுச் சரிவும் முற்றத்தை நோக்கித்தான் இறங்கும். மழை பெய்தால் மூலைகளில் அண்டா வைத்துப் பிடிப்பார்கள். ஊருக்கு வெளியே ஊருணி இருக்கும், அதில் யாரும் கால் வைக்கமாட்டார்கள். குடிதண்ணீர் அது. நீங்களும் செருப்போடு படியில் இறங்கிவிடாதீர்கள்.

அடுத்தது எங்கள் சீமை. முதுகுளத்தூர், கமுதிப் பக்கம் குண்டு குண்டாக ஒரு மிளகாய், முண்டு மிளகாய் என்போம். காய்ந்ததற்கு எங்கள் ஊரில் பேரே வத்தல்தான். 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி விதைத்து வளர்ப்பது. நீங்கள் போகிற நேரம் களத்தில் சிவப்பாகக் காய்ந்துகொண்டிருந்தால் ஒரு கிலோ வாங்கிக்கொள்ளுங்கள். கையில் எடுத்துக் காதருகே ஆட்டிப் பாருங்கள், நன்றாகக் காய்ந்ததென்றால் உள்ளே விதை கலகலக்கும்.

என் பாட்டி மீன் குழம்பு வைத்தால் அது இரண்டாவது வேலை. முதல் வேலை விடிவதற்கு முன் ஊற்றுக்குப் போவது. வற்றிய ஊருணியின் நடுவில் ஆள் இறங்குகிற அளவுக்குக் குழி தோண்டியிருக்கும். பாட்டி உள்ளே குந்தி உட்கார்ந்து, ஊறி வருவதைச் சிரட்டையால் வழித்து வழித்துக் குடத்தில் ஊற்றுவார். ஒரு குடம் நிறைய முக்கால் மணி நேரம். வீட்டுக்கு வந்ததும் மண்பானையின் உள் சுவரில் தேத்தாங்கொட்டையை நாலு சுற்று உரசிவிட்டு அந்தத் தண்ணீரை ஊற்றி மூடிவைப்பார். மறுநாள் காலையில் சேறெல்லாம் அடியில் படிந்து, மேலே கண்ணாடி மாதிரி இருக்கும். அந்தப் பானையில் செம்பைக் கலக்கி மொள்ளக்கூடாது, மேலாக எடுக்கவேண்டும். மீனைக் கழுவின தண்ணீர் முருங்கைக்குப் போகும். அரிசி கழுவின முதல் தண்ணீர் மாட்டுக்கு, இரண்டாவது கழுநீர் புளி கரைக்க. வடித்த கஞ்சியில் உப்புப் போட்டு எங்களுக்குக் கொடுப்பார். சென்னையில் குழாய் நிற்கும்போதெல்லாம் என் கை தானாக அந்த வழியில்தான் போகிறது.

அதனால் ஒன்று சொல்கிறேன். எங்கள் பக்கம் எந்த வீட்டில் தண்ணீர் கேட்டாலும் இல்லை என்று சொல்லமாட்டார்கள். அதனாலேயே வீடுகளில் கேட்காதீர்கள். பெட்டிக்கடையில் வாங்கிக் குடியுங்கள், நாலு ரூபாய் அவர்களுக்கும் கிடைக்கும். சின்ன மெஸ்ஸில் சாப்பிடுவதாக இருந்தால் காலையிலேயே நான்கு பேர் என்று சொல்லிவிடுங்கள். அளவாக உலை வைப்பார்கள். கை கழுவ ஒரு செம்பு போதும்.

சாயல்குடி தாண்டும்போது பனைக்கூட்டம் கண்ணில் படும். பங்குனி, சித்திரை, வைகாசி பதநீர்க் காலம். புளிக்காமல் இருக்கக் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருப்பார்கள். வெயில் ஏறுவதற்கு முன் பனையோலைப் பட்டையில் ஊற்றிக் குடித்துவிடவேண்டும், பத்து மணிக்கு மேல் அந்த ருசி இல்லை. இன்னும் தெற்கே உடன்குடியில் அதையே காய்ச்சிக் கருப்பட்டியாக ஊற்றுவார்கள். அதற்கும் 2023-ல் குறியீடு வந்தது. ஒருவரும் தண்ணீர் ஊற்றாத மரம், செம்மணல் தேரியில் நின்றுகொண்டு இத்தனை கலயம் கொடுக்கிறது. நான் ஒவ்வொரு முறையும் அந்த மரத்தைத் தொட்டுவிட்டுத்தான் வருவேன்.

கேள்வி (கரூரிலிருந்து ஒரு வாசகர்): மணப்பாறை முறுக்கின் ருசிக்குத் தண்ணீர்தான் காரணம் என்பது நிஜமா?

பதில்: அந்த ஊர்த் தண்ணீரில் லேசாக உப்பு உண்டு, அதுதான் காரணம் என்று மணப்பாறைக்காரர்களே சொல்கிறார்கள். கைப்பழக்கமும் சேர்ந்தது என்பது என் எண்ணம். நேர்மாறாகப் பழனிப் பஞ்சாமிர்தத்தைப் பாருங்கள். வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, நெய், தேன், ஏலக்காய் எல்லாம் உண்டு, தண்ணீர் ஒரு சொட்டு சேர்ப்பதில்லை. அதனால்தான் டப்பாவில் அத்தனை நாள் தாங்குகிறது.

கேள்வி (வேளச்சேரியிலிருந்து ஒரு வாசகி): ஒரு வாரம் ஊருக்குப் போகிறேன். மொட்டைமாடியில் பன்னிரண்டு தொட்டிச் செடிகள். பக்கத்து வீட்டிலும் தண்ணீர்க் கஷ்டம், ஊற்றச் சொல்ல மனசு வரவில்லை.

பதில்: சொல்லவேண்டாம். எல்லாத் தொட்டியையும் தண்ணீர்த் தொட்டியின் நிழலுக்கு நகர்த்தி, ஒன்றோடொன்று ஒட்டினாற்போல் வையுங்கள். கிளம்புகிற அன்று காலையில் காய்கறி கழுவின தண்ணீரை நன்றாக ஊற்றி, மண் தெரியாதபடி தேங்காய் நாரைப் பரப்புங்கள். நடுவில் ஒரு வாளித் தண்ணீரைச் செங்கல் மேல் உயர்த்தி வைத்து, பழைய பருத்திச் சேலையைக் கிழித்துத் திரித்து, ஒரு முனை வாளியின் அடியிலும் மறு முனை தொட்டி மண்ணில் நான்கு விரல் ஆழத்திலும் இருக்கிற மாதிரி விடுங்கள். திரியை முதலில் முழுக்க நனைத்துவிடவேண்டும். நைலான் கலந்த துணி உறிஞ்சாது. வாளியைத் தட்டால் மூட மறக்காதீர்கள், கொசு முட்டையிடும். கறிவேப்பிலையும் கற்றாழையும் எப்படியும் தாங்கும், புதினாவுக்குத்தான் திரி அவசியம்.

கேள்வி (ஆம்பூரிலிருந்து ஒரு முதிய வாசகர்): சகோதரி, ஞாயிற்றுக்கிழமை ஆனால் சென்னை வண்டிகள் எங்கள் ஊரில் பிரியாணிக்கு வரிசையாக நிற்கின்றன. வரட்டும், சந்தோஷம். 2019-ல் இங்கே பக்கத்திலிருந்து உங்கள் ஊருக்கு ரயிலில் தண்ணீர் வந்ததே, அது யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா?

பதில்: எனக்கு இருக்கிறது ஐயா. அந்த ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கு ஏரியும் அநேகமாகத் தரை தட்டியிருந்தன. மத்தியானச் சாப்பாடு போட்டால் பாத்திரம் கழுவத் தண்ணீர் இல்லை என்று பல ஓட்டல்கள் அதை நிறுத்தின. ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. உங்கள் பக்கம் குடங்கள் காத்திருக்கும்போது எங்களுக்கு எடுப்பதா என்று அங்கே எதிர்ப்பு எழுந்ததும் நியாயம்தான். அந்தத் தண்ணீரை வாங்கிக் குடித்தவர்கள் நாங்கள்.

உங்களுக்கு நன்றி என்று எழுதிவிட்டு நிறுத்த மனமில்லை, என் வீட்டில் என்ன செய்தேன் என்பதையும் சொல்கிறேன். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். என் மொட்டைமாடி 1,000 சதுர அடி, அதாவது சுமார் 93 சதுர மீட்டர். ஒரே இரவில் 50 மி.மீ. பெய்தால் 4,600 லிட்டருக்கு மேல் விழுகிறது. சிதறினது, ஆவியானது போக 3,500 லிட்டராவது கையில் நிற்கும். 2003-லேயே தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள், எங்கள் வீட்டிலும் அப்போது குழி போட்டோம். போட்டதோடு சரி. பதினாறு வருஷம் அதைத் திறந்து பார்க்கவில்லை.

2019 ஆவணியில் திறந்தேன். மேலே கூழாங்கல் இருக்கவேண்டிய இடத்தில் வேப்பஞ்சருகும் சேறும் பலகை மாதிரி இறுகிக் கிடந்தது. மாடியிலிருந்து வருகிற குழாய் நடுவில் உடைந்து, மழைத் தண்ணீர் அத்தனையும் தெருச் சாக்கடைக்குப் போயிருக்கிறது. கல்லைக் கழுவத் தண்ணீர் ஏது? வெயிலில் காயவைத்துச் சல்லடையில் சலித்தோம், நானும் மகனும், இரண்டு நாள். குழாயை மாற்றினோம். மாடியைப் பெருக்கி, முதல் மழையை மட்டும் வெளியே விட்டோம். ஐப்பசியில் ஒரு இரவு விடாமல் பெய்தது. விடிந்ததும் குடையைப் பிடித்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய், கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கிப் பார்த்தேன். மூன்று முழம் நனைந்து வந்தது.